அயலூர் ஆறுகளில் பதினெட்டாம் பெருக்கு

இன்று காலை பரணிலிருந்து நீலப் பெட்டியை இறக்கினேன். நாளைக்குக் கிளம்புகிற மகளுக்குப் புளிக்காய்ச்சல் கட்டிக் கொடுக்க ஏதாவது டப்பா கிடைக்குமா என்று தேடியபோது அதுதான் கைக்கு அகப்பட்டது. ஜெர்மனியில் இருந்த காலம் முழுக்க, எந்தப் பயணமானாலும் நமக்கு முன்னால் கார் டிக்கியில் ஏறி உட்கார்ந்துகொண்ட குளிர்ப்பெட்டி. மூடியைத் திறந்ததும் நல்லெண்ணெயும் பெருங்காயமும் வறுத்த வெந்தயமும் சேர்ந்த அந்த வாடை எழுந்து வந்தது. அதைப் போக்க நான் எவ்வளவு தேய்த்திருப்பேன் என்று உங்களுக்கே தெரியும். கீழே ஸ்டூலைப் பிடித்துக்கொண்டிருந்த மகள், "அய்யோ, அப்பா கார் வாசனை" என்றாள். அதற்கு மேல் எனக்கு வேலை ஓடவில்லை. சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். அனுமதி கேட்கவில்லை, சொல்கிறேன். நீங்கள் என்னிடம் கடைசியாகக் கேட்டுக்கொண்டதைப் பற்றியது. நான் முடிவு செய்திருப்பதைக் கேட்டால் நீங்கள் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசமாட்டீர்கள். இப்போதுதான் பேச்சே இல்லையே, அதனால் தைரியமாகச் சொல்லலாம். ஆனால் நேராகச் சொல்ல வாய் வரவில்லை. கொஞ்சம் சுற்றித்தான் வர வேண்டும், நீங்கள் கார் ஓட்டுகிற மாதிரி.

ஐரோப்பாவைச் சுற்றிப் பார்க்கிறோம் என்று ஊரில் எல்லோரிடமும் பெருமையடித்தோம். உண்மையில் நாம் பார்த்தது ஆறுகளை. மற்றக் குடும்பங்கள் அரண்மனையையும் மணிக்கூண்டையும் தேடிப் போகும். உங்களுக்கு ஒரு பாலம் வந்தால் போதும், காரின் வேகம் தானாகக் குறைந்துவிடும். பின்னால் வருகிறவன் ஹாரன் அடிப்பான். அந்த ஊரில் ஹாரன் அடித்தால் திட்டுகிற மாதிரி. நீங்கள் அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ள மாட்டீர்கள்.

"பாருங்கடா, எவ்ளோ தண்ணி! கேக்க நாதியில்லாம ஓடுது. இது நம்ம பக்கம் நாலு நாள் வந்தா போதும், கடைமடை வரைக்கும் குறுவை தேறிடும்."

"சரிங்க, மொதல்ல ரோட்டப் பாத்து ஓட்டுங்க" என்பேன். பின் சீட்டில் மகளும் மகனும் நெக்கர், டான்யூப், ரைன், ரோன் என்று பெயர் சொல்லிப் போட்டி போடுவார்கள். உங்கள் அப்பா பொதுப்பணித் துறையில் லஸ்கராக இருந்தவர். திருவையாற்றுக்குக் கிழக்கே ஒரு மதகில் ஷட்டரை ஏற்றுவதும் இறக்குவதும்தான் அவர் வாழ்நாள் வேலை. நீங்கள் படித்து, கார் செய்கிற கம்பெனியில் என்ஜினியராகி, ஸ்டுட்கார்ட் பக்கம் வீடு பிடித்துக் குடியேறினீர்கள். ஆனாலும் ஆறு என்றால் அதை ஒருவர் திறக்க வேண்டும், ஒருவர் மூடிவிடுவார், இடையில் கிடைக்கிற நாட்கள்தான் நமக்கு என்கிற நினைப்பு உங்களை விட்டுப் போகவே இல்லை.

அந்த முதல் ஆடி நினைவிருக்கிறதா? பள்ளிக்கூடத்துக்குக் கோடை விடுமுறை விட்டு, சுவிட்சர்லாந்துக்குப் போய்க்கொண்டிருந்தோம். மகனுக்கு அப்போது பால் பல்கூட விழவில்லை. வழியில் உங்கள் தம்பி போன் செய்தார். "அண்ணே, இன்னிக்குப் பதினெட்டு. படித்துறையில நிக்கிறோம். தண்ணி கரை தொட்டுப் போவுது. சத்தம் கேக்குதா?" என்று போனை ஆற்றுப் பக்கம் நீட்டினார். எனக்கு வெறும் இரைச்சல்தான் கேட்டது. உங்களுக்கு என்ன கேட்டதோ, அடுத்த திருப்பத்தில் காரை இறக்கிவிட்டீர்கள். ஒரு சின்ன ஊரைத் தாண்டி, ரைன் நதிக் கரையில் போய் நின்றது.

பச்சையும் நீலமுமாக, கரை நிறைய ஓடியது தண்ணீர். தூண்டில் போட்டு உட்கார்ந்திருந்த ஒரு முதியவரிடம் போய் ஏதோ கேட்டீர்கள். அவர் முழித்தார். மறுபடி கேட்டீர்கள். அவர் கையை விரித்து ஏதோ சொன்னார். காது சிவக்கத் திரும்பி வந்தீர்கள்.

"என்ன கேட்டீங்க?"

"எப்பத் தெறந்தாங்கன்னு கேட்டேன்."

"அதுக்கு?"

"யாரும் தெறக்கறதில்லையாம். எப்பவும் ஓடுமாம்."

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. என்ஜினியர், அதுகூடவா தெரியாது? தெரியும். வாய் முந்திக்கொண்டது. நீங்கள் சிரிக்கவில்லை. ஒரு கல்லில் உட்கார்ந்து, "எப்பவும் ஓடுமாம்" என்று உங்களுக்கு நீங்களே இன்னொரு முறை சொல்லிக்கொண்டீர்கள். அந்த முகத்தைப் பார்த்ததும் என் சிரிப்பு அடங்கிவிட்டது.

அப்புறம் நடந்ததெல்லாம் ஒப்பேற்றல்தான். சமையல் மஞ்சள்தூளைக் குழைத்துப் பிள்ளையார் பிடித்தேன். அரிசி ஊறவைக்க நேரமில்லை, வெல்லமும் இல்லை. அரிசிப் பொரியில் பழுப்புச் சர்க்கரையைக் கலந்து அதையே காப்பரிசி என்று பிள்ளைகளிடம் கொடுத்தோம். மஞ்சள் கயிறு கைவசமில்லை. தையல் நூலை நாலைந்து இழையாக முறுக்கி மஞ்சள் தடவினீர்கள். அந்தக் கயிற்றை என் பிடரியில் முடிச்சுப் போட்டபோது உங்கள் விரல்கள் ஆற்றுக் குளிரில் விறைத்திருந்தன. பிள்ளைகள் இருவரையும் ஆளுக்கொரு கையில் பிடித்து முழங்கால் தண்ணீரில் இறக்கினீர்கள். "கும்புட்டுக்கங்க. ஆறு எங்க இருந்தாலும் ஆறுதான்" என்றீர்கள். மறு நிமிடமே, "ஒரு தடவ உங்களக் காவேரில இப்படி எறக்கணும்" என்றும் சொன்னீர்கள்.

அதற்குப் பிறகு நம் கோடைப் பயணங்களுக்கெல்லாம் ஆடிப் பதினெட்டுதான் அச்சாணி. ஊர் எதுவானாலும் அந்த நாளுக்கு ஒரு ஆறு அமைய வேண்டும். ஒரு வருஷம் டான்யூப் கரையில், நாய் கூட்டிக்கொண்டு வந்த ஒரு அம்மா நாம் கரைத்த மஞ்சளைப் பார்த்து ஏதோ ரசாயனம் கொட்டுகிறோம் என்று சத்தம் போட்டுவிட்டார். நீங்கள் நிதானமாக மீதி மஞ்சளை வாயில் போட்டு மென்று காட்டினீர்கள். அன்று முழுக்க பல் மஞ்சளாகவே எல்லாக் கடைக்கும் வந்தீர்கள். மகள் வெட்கப்பட்டு நம்மோடு சேராமல் பத்தடி தள்ளியே நடந்தாள்.

காவிரியில் இறக்குவது மட்டும் தள்ளித் தள்ளிப் போனது. ஊருக்கு நாம் வருவதெல்லாம் டிசம்பரில்தான். ஒருவழியாக ஒரு ஆடிக்கு வந்தோம். மகளுக்கு அப்போது பன்னிரண்டு வயசு. திருவையாற்றுப் படித்துறையில் இறங்கினால் கண்ணுக்கு எட்டியவரை மணல். நடு ஆற்றில் பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். படியோரம் குழாய் பதித்து ஷவர் வைத்திருந்தார்கள். ஜனங்கள் வரிசையில் நின்று அதன் கீழே தலையைக் காட்டிவிட்டு, குடத்துத் தண்ணீருக்குப் பூப் போட்டுக் கும்பிட்டார்கள். மகன் என் புடவையை இழுத்து, "ஆறு எங்கம்மா?" என்றான்.

நீங்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மணலில் இறங்கி, மண்டியிட்டு ஊற்றுத் தோண்டினீர்கள். முழங்கை ஆழத்துக்குப் போனபிறகு கலங்கலாகக் கொஞ்சம் நீர் ஊறியது. தெளியும்வரை காத்திருந்து, கையில் அள்ளி இரண்டு பேர் தலையிலும் தெளித்தீர்கள். மகள் துடைத்துக்கொண்டே, "ரைனுக்கே போயிருக்கலாம்ப்பா" என்றாள். குழந்தை, சொல்லக் கூடாததையா சொன்னாள்? ஆனால் நீங்கள் அந்த மணலைப் பார்க்கவில்லை. அவர்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே நின்றீர்கள். அந்தப் பார்வையை நான் இன்றுவரை வைத்திருக்கிறேன்.

பிறகு பிள்ளைகள் தலையெடுத்தார்கள். மகளுக்கு சுவிட்சர்லாந்தில், ரைன் கரையிலிருக்கிற பாசலில் வேலை, மகனுக்கு நெதர்லாந்தில். உங்கள் சிறுநீரகம் படுத்தத் தொடங்கியதும் நாம் தஞ்சாவூருக்கே வந்துவிட்டோம். வந்த பிறகு பார்த்தால், ஆடிக்கு ஆடி ஆறு நிறைந்து ஓடியது. பிள்ளைகளுக்குத்தான் வர முடியவில்லை. ஒருவருக்குத் தோது வந்தால் இன்னொருவருக்கு வராது. பிள்ளைகள் வந்த வருஷம் தண்ணீர் இல்லை, தண்ணீர் வந்த வருஷங்களில் பிள்ளைகள் இல்லை. "ரெண்டும் ஒண்ணாச் சேரவே மாட்டேங்குது பாரு" என்று டயாலிசிஸ் படுக்கையில் சிரித்தீர்கள். அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டு, "என்னையக் காவேரில கரைச்சிடு. பசங்க ரெண்டு பேரும் கூட எறங்கணும். அது போதும்" என்றீர்கள்.

வைகாசியில் போய்ச் சேர்ந்தீர்கள். மேட்டூர் திறக்க இன்னும் நாள் இருந்தது. "பூம்புகார்ல கரைச்சிடலாம் அண்ணி. காவேரி போய்ச் சேர்ற எடம்தானே" என்றார் உங்கள் தம்பி. சேருகிற இடம்தான். ஆனால் சேருவதற்கு அன்று காவிரி வரவில்லை, கடல் மட்டும் இருந்தது. மகன் அங்கே கரைத்தான். கொஞ்சம் அஸ்தியை மட்டும் நான் பிடிவாதமாக ஒரு கலயத்தில் எடுத்து, துணியால் வாய் கட்டி, கொல்லை வேப்பமரத்தில் தொங்கவிட்டேன். தண்ணீர் வரட்டும், ஆடியில் இரண்டு பேரும் வந்து காவிரியில் கரைக்கட்டும் என்று. வருகிறோம் என்று சொல்லிவிட்டுத்தான் போனார்கள். ஆனி பிறந்து தண்ணீர் வந்தது. ஆடி பிறந்து மகள் வந்தாள். மகனுக்குப் புது வேலை, லீவு இல்லை என்றுவிட்டார்கள். எனக்கு வந்த ஆத்திரம் யார் மேல் என்றே தெரியவில்லை.

முந்தாநாள் பதினெட்டு. சுமங்கலிகள் கயிறு மாற்றுகிற நாளில் கலயத்தோடு போகக் கூடாது, அதை இன்னொரு நாள் பார்க்கலாம் என்று, வெறும் கையோடு மகளும் நானும் படித்துறைக்குப் போனோம். மேல்படியிலேயே நின்றுகொண்டேன். என் கழுத்தில் கட்ட இனி எதுவும் இல்லை. அவள் இடுப்பளவு இறங்கி, முங்கி எழுந்து, தலை சொட்டச் சொட்ட என்னிடம் வந்தாள்.

"நல்லா இருக்கும்மா. ஆனா இது அப்பாவோட ஆறு. எங்களுக்கு ஆறுன்னா ரைன்தான். அப்பா எங்களக் கையப் புடிச்சு எறக்கினது அதுலதானே?"

முந்தானையால் அவள் தலையைத் துவட்டிவிட்டேன். "கலயத்த நான் எடுத்துட்டுப் போறேம்மா. பாசல்ல ஆத்துல கரைக்கறது தப்பில்ல, விசாரிச்சுட்டேன். தம்பி ஒரே நாள்ல காரோட்டி வந்துடுவான். நாங்க ரெண்டு பேரும் எறங்கறோம்."

உங்கள் தம்பி கேள்விப்பட்டு நேற்று வீட்டுக்கே வந்துவிட்டார். "அண்ணன் கேட்டது காவேரி அண்ணி. தண்ணி கரை தொட்டு ஓடறப்ப யாராச்சும் அண்ணனக் கண்காணாத சீமைக்கு அனுப்புவாங்களா?" என்று கண் கலங்கினார். அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. நானும் அதையேதான் இரண்டு நாளாக எனக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். இதே ஊர்க்காரிதானே நானும்?

ஆனால் நீங்கள் கேட்டது இரண்டு. காவிரி ஒன்று, பிள்ளைகள் ஒன்று. ஒன்றுதான் கிடைக்கும் என்றால் எது என்று நீங்கள் சொல்லவில்லை. அந்தக் கேள்வியை என் தலையில் கட்டிவிட்டுப் போய்விட்டீர்கள். வறண்ட ஆற்றில் நீங்கள் எதைப் பார்த்துக்கொண்டு நின்றீர்கள் என்பதை வைத்துத்தான் நான் பதில் எழுதியிருக்கிறேன். தப்பாக இருந்தால் நான் வரும்போது திட்டுங்கள்.

இன்று சாயங்காலம் மரத்திலிருந்து கலயத்தை இறக்கி மகளிடம் கொடுத்தேன். வாங்கிக்கொண்டவள் வெகுநேரம் அதை மடியிலேயே வைத்திருந்தாள். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டாள். "உனக்கும்மா? உன்னை... நீ இங்க காவேரிதானே சொல்லுவ?"

ஜெர்மனி வருஷங்களை விட்டால், பிறந்ததிலிருந்து நான் குடித்த தண்ணீர், குளித்த தண்ணீர் எல்லாம் இந்த ஆறு. ஆனாலும் யோசிக்கத் தேவைப்படவில்லை.

"உங்கப்பாவ எங்க விடறியோ, அங்க" என்றேன்.