வலது பட்டன்

6-2-2005, ஞாயிறு

இன்றும் தோற்றோம். யாக்கோபு அண்ணன் பிரவுசிங் சென்டரில் இரண்டு மணி நேரம், நானும் கொம்பையாவும் ஒரே கம்ப்யூட்டர் முன்னால். அந்தக் காலத்து ராஜாக்கள் சண்டை போடும் கேம். ஈட்டிக்காரன், வில்லாளி, குதிரைப்படை என்று கொஞ்சம் ஆட்கள் தருவார்கள். எங்கே நிறுத்துவது, எப்போது விடுவது என்பதெல்லாம் நம் பாடு. நான் வில்லாளிகளை முன்னால் நிறுத்தினேன். தூரத்திலேயே அடித்துவிடலாமே என்ற நினைப்பு. எதிரியின் குதிரைகள் வந்து ஒரே மிதி.

யாக்கோபு அண்ணன் எட்டிப் பார்த்தார். "இன்னாபா, வில்லுக்காரன முன்னால வுட்டுட்டு ஈட்டிக்காரன பின்னால குந்த வெச்சிகினு கீற?" கடை அவருடையது, சொல்லலாம்.

கொம்பையா சிரித்துக்கொண்டே இருந்தான். மண்ணூரில் எங்களுக்கு ஒரே அறை, கம்பெனியில் தகடு அழுத்தும் ஒரே பிரஸ் ஷாப், நாங்குநேரிப் பக்கம் ஒரே ஊர். அவனுக்குத் தோற்றாலும் சிரிப்பு வருகிறது. எனக்கு வரவில்லை.

13-2-2005, ஞாயிறு

ஈட்டிக்காரர்கள்தான் முன்னால், அகல வரிசையாக. வில்லாளிகள் அவர்களுக்குப் பின்னால், கொஞ்சம் மேட்டில். தரை சமமாக இருந்தால் அம்பு நம் ஆள் முதுகிலேயே விழுகிறது. குதிரையை ஈட்டிக்கு நேராக விட்டால் கதை முடிந்தது; சுற்றிப் போய் விலாவில் அடிக்க வேண்டும். அதையும் ஓட்டிக்கொண்டே போனால் சண்டைக்கு முன்பே களைத்துவிடும். இவ்வளவுதான் விஷயம். இதற்கு ஒரு மாதம்.

இன்னொரு முட்டாள்தனம். சில படைகளின் பெயருக்குப் பக்கத்தில் 'ரூட்டிங்' என்று வரும். கம்பெனி பஸ்ஸுக்கு ரூட் இருக்கிறதே, அது மாதிரி சொன்ன வழியில் போய்க்கொண்டிருக்கிறார்கள் என்று நினைத்து விட்டுவிடுவேன். பயந்து ஓடுகிறார்கள் என்று அர்த்தமாம். "வெள்ளக்கொடி புட்ச்சிகினு ஓடுறானுங்கபா உன் ஆளுங்க" என்றார் அண்ணன். கொம்பையா அறைக்கு வரும் வழியெல்லாம் அதையே பிடித்துக்கொண்டான். "லே சுடலை, நம்ம படை ரூட் பஸ்ஸப் பிடிக்கப் போயிருக்கு, இப்ப வந்துரும்."

17-2-2005, வியாழன்

டார்கெட்டை ஏற்றிவிட்டார்கள். என் பிரஸ் பழைய மிஷின். வலது பக்கம் ஒரு பட்டன், இடது பக்கம் ஒன்று. இரண்டு கையாலும் சேர்த்து அமுக்கினால்தான் தகட்டை நசுக்கும் மேல் டை இறங்கும். கை உள்ளே இருக்கக் கூடாது என்பதற்காக வைத்தது. அப்படி அமுக்கிக்கொண்டிருந்தால் இந்த டார்கெட் எந்த ஜென்மத்தில் வரும்? வலது பட்டனை அமுக்கிய நிலையிலேயே அட்டை வைத்து டேப் ஒட்டிவிட்டேன். நான் இடது கைக்காரன், எனக்கு இடது பட்டன் போதும். வலது கை பீஸ் எடுக்க. சூப்பர்வைசர் அண்ணாதுரை சார் எண்ணிக்கையைப் பார்த்து "குட்" என்றார்.

போகும்போது பிரித்துவிடலாம் என்றிருந்தேன். பிரிக்கவில்லை. எண்ணெய்க் கறையில் டேப் தெரியவும் இல்லை.

27-2-2005, ஞாயிறு

ஜெயித்தோம். வழி சொன்னது கொம்பையா. "அவசரப்படாதலே. குதிரைய அந்த மரத்துக்குப் பின்னால ஒளிச்சு வை. அவன் நம்ம ஈட்டியில வந்து மாட்டுத வரைக்கும் தொடாத." மூன்று தடவை மவுஸை நகர்த்தப் போனேன், மூன்று தடவையும் தடுத்தான். பிறகு "இப்ப" என்றான். வலது பட்டனை அமுக்கினேன். குதிரைகள் பின்னாலிருந்து இறங்கின. நான்கு நிமிடத்தில் எதிரியின் தளபதி காலி.

மவுஸ் பிடித்தது நான், சண்டை போட்டது அவன். இது எனக்கு ஏன் உறுத்துகிறது?

4-3-2005, வெள்ளி

நாளை மாலை சுங்குவார்சத்திரத்துக் கடைக்காரர்களோடு போட்டி. எங்கள் கடைக்கு ஒரே ஆள். "கொம்பையாவாண்ட சொல்லிடுபா, அவன் ஆடட்டும்" என்றார் யாக்கோபு அண்ணன். நான் சொல்லவில்லை.

நாளை எனக்கு செகண்ட் ஷிஃப்ட், கொம்பையாவுக்கு லீவு. காய்ச்சல் என்று படுத்துக்கொண்டு, எனக்குப் பதிலாகப் போகிறாயா என்று கேட்டேன். எங்களுக்குள் டோக்கனை மாற்றிக்கொண்டு போவது வழக்கம்தான், யாரும் கண்டுகொள்வதில்லை. நெற்றியைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை அவன். "நீ படு மக்கா, நான் பாத்துக்கிடுதேன்."

6-3-2005, ஞாயிறு

நேற்று எழுத முடியவில்லை.

கொம்பையாவுக்கு வேலை என்று அண்ணனிடம் சொல்லிவிட்டுப் போட்டியில் நான் உட்கார்ந்திருந்தேன், ஆறரை மணி இருக்கும். குதிரைகளை மரத்துக்குப் பின்னால் நிறுத்தியிருந்தேன், அவன் சொல்லித் தந்தபடியே. கடை போன் அடித்தது. யாக்கோபு அண்ணன் எடுத்துப் பேசிவிட்டு என்னிடம் வந்தார். "கொம்பையா கை பிரஸ்ல மாட்டிகிச்சாம்பா."

வலது கை. மூன்று விரல்.

என் மிஷினில் மாட்டிய தகட்டுத் துண்டை எடுக்க வலது கையை உள்ளே விட்டிருக்கிறான். இடது கை இடது பட்டனில் பட்டிருக்கிறது. ஒரு பட்டன் பட்டால் இறங்காது என்று நம்பித்தானே விட்டான். சொல்லலியே. டேப் ஒட்டிருக்குன்னு ஒரு வார்த்த சொல்லலியே நான். காய்ச்சலாவது நெசமா இருந்திருக்கக் கூடாதா.

10-3-2005, வியாழன்

விசாரணை. மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். 'ஆபரேட்டர் தானே பாதுகாப்புப் பட்டனை அடைத்து வேலை செய்துள்ளார்' என்று அண்ணாதுரை சார் படித்தார். வலது கைக்காரன் எதற்காக வலது பட்டனை அடைக்க வேண்டும்? ஒருவருக்கும் தோன்றவில்லை.

"உனக்கு ஏதாவது தெரியுமா?"

"தெரியாது சார்."

கையெழுத்துப் போடச் சொன்னார்கள். பேனாவை இடது கையில் பிடித்து அவர்கள் கண் முன்னாலேயே போட்டேன்.

11-3-2005

ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை.

3-4-2005, ஞாயிறு

கொம்பையா ஆஸ்பத்திரியிலிருந்து அறைக்கு வந்துவிட்டான். சோற்றைப் பிசைந்து ஸ்பூன் போட்டுக் கொடுத்தேன். ஏன் வேலையை விட்டு நீக்கக் கூடாது என்று கேட்டு நோட்டீஸ் வந்திருக்கிறது. பதினைந்து நாளில் பதில் சொல்ல வேண்டும். "நான் ஒட்டலலே. விரல் போனது போட்டும், திருட்டுவேல பாத்தான்னு எழுதிருக்கானுவ பாரு." கேட்டுக்கொண்டு தட்டைக் கழுவினேன். நான் மனுசனா?

10-4-2005, ஞாயிறு

அவனுக்கும் பொழுது போக வேண்டுமே என்று சென்டருக்குக் கூட்டிப் போனேன். யாக்கோபு அண்ணன் எனக்காக எப்போதும் மவுஸை இடது பக்கம் போட்டு வைப்பார். இன்று அந்த நாற்காலியில் கொம்பையா. கை பழகவில்லை. வில்லாளியை அனுப்பப் பார்த்தால் குதிரை கிளம்புகிறது.

"எப்பிடிலே இந்தக் கையில புடிக்க நீ?" என்று என் இடது கையைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான். திரையில் அவன் ஈட்டி வரிசை உடைந்துகொண்டிருந்தது.

"அடைச்சிருந்தது வலப்பக்கத்துப் பட்டன்லா," என்றான்.

நான் இடது கையை மேஜைக்கு அடியில் இழுத்துக்கொண்டேன்.

"சொல்லுலே."

சொன்னேன். டேப். இல்லாத காய்ச்சல். போட்டி. அண்ணன் கூப்பிட்டது அவனைத்தான் என்பதையும். அவன் திரைப் பக்கம் திரும்பிக்கொண்டான். தோற்றுவிட்ட சண்டையைக் கடைசி ஆள் விழும்வரை உட்கார்ந்து ஆடிவிட்டு எழுந்து போனான். அறைக்கு வரவில்லை.

11-4-2005, திங்கள்

டேப் ஒட்டியது நான்தான் என்று கம்பெனியில் எழுதிக் கொடுத்துவிட்டேன். "இப்ப எதுக்குய்யா இது? உன் வேலையும் பூடும்" என்றார் அண்ணாதுரை சார்.

மனம் லேசாகவில்லை. அவன் கண்டுபிடித்த பிறகுதானே கொடுத்தேன். கண்டுபிடிக்காமல் இருந்திருந்தால் கொடுத்திருப்பேனா? பதில் தெரியும், எழுதப் பிடிக்கவில்லை.

30-4-2005, சனி

என்னை நீக்கிவிட்டார்கள். கொம்பையாவின் நோட்டீஸை ரத்து செய்து ஸ்டோர்ஸில் போட்டிருக்கிறார்கள். யாக்கோபு அண்ணன் சொல்லித்தான் தெரியும். "வேற ரூமுக்குப் பூட்டான்பா. உன் பேச்ச எடுத்தா எந்திரிச்சி போய்டறான்."

23-9-2005, வெள்ளி

ஒரகடத்தில் பேக்கிங் வேலை கிடைத்து மூன்று மாதம் ஆகிறது. காலையில் சிங்கப்பெருமாள் கோவிலில் இறங்கி ஷேர் ஆட்டோவில் ஏறினேன். உட்கார்ந்த பிறகுதான் பார்த்தேன், எதிர் சீட்டில் கொம்பையா. ஊருக்குப் போய் வருகிறான் போல, மடியில் பெரிய பை. வலது கையைப் பைக்கு அடியில் வைத்திருந்தான்.

முட்டியோடு முட்டி இடிக்க வந்தோம். லே நாயே என்று ஆரம்பித்துத் திட்டுவான் என்று காத்திருந்தேன். செருப்பால் அடித்தாலும் சரி என்றுதான் இருந்தது. ஆப்பூரில் ஒரு அம்மா கூடையோடு ஏறினார். உட்கார இடமில்லை. கொம்பையா நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தான்.

"கொஞ்சம் தள்ளி உக்காருங்க" என்றான்.

தள்ளி உட்கார்ந்தேன்.