பத்துப் படம் போதும் என்றாள் அம்மா

இன்று வெள்ளையடிக்க ஆள் வந்ததால், சுவரிலிருந்த, நீ செதுக்கி அச்செடுத்த படத்தைக் கழற்றி வைத்தேன். ஏணியைச் சாய்த்துவிட்டு அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னாம்மா, இந்தம்மா யாரு? இம்மாங் கோவமா கீறாங்க?" என்றார். எங்கள் அம்மா என்றேன். உன்னிடம் பேச வேண்டும்போல் இருந்தது.

மயிலாப்பூரில் அச்சாபீஸ் ஆட்களுக்கென்று கட்டிய லைன் வீடுகளில் நீ எங்களுக்குப் பக்கத்து வீடு. நீ அத்தா என்று கூப்பிடும் உன் அப்பா அச்சுக்கு மரக்கட்டையில் படம் செதுக்குகிறவர். என் அப்பா மெஷின் ஓட்டுகிறவர். ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பட்டணமே காலியான வருஷம், என்னையும் தம்பியையும் காஞ்சிபுரத்துக்கு அனுப்பிவிட்டார்கள். அம்மாவும் அப்பாவும் உன் வீட்டாரும் அங்கேயே இருந்தார்கள். அதனால் நான் பார்க்காததை நீ பார்த்தாய்.

பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன, மிச்சப் பேருக்குக் குழாய் எதற்கு என்று, லைன் வீடுகளைக் கவனிக்கும் அச்சாபீஸ் ஓவர்சியர் அதை மூட வந்தானாம். அப்பா வேலைக்குப் போயிருந்த நேரம். அம்மா குழாயை மறைத்துக்கொண்டு நின்றாளாம். அவள் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினானாம். அம்மா நகரவில்லை, அவன்தான் போனான். பிறகு அவள் உன்னிடம், "அவருக்குத் தெரியக் கூடாது. வாயத் தொறக்காத" என்றாளாம். பன்னிரண்டு வயதில் நீ தலையாட்டினாய். என்னிடம்கூடச் சொல்லவில்லை.

சுதந்திரம் வந்த மறுவருஷம், நம் லைன் வீடுகளை மரக்கட்டைகளில் செதுக்கி அச்செடுத்து, தி. நகரில் ஒரு டாக்டர் வீட்டுக் கூடத்தில் கண்காட்சியாக மாட்டினாய். பட்டம் விடும் பிள்ளைகள், கக்கூஸ் வரிசை, ஒழுகும் கூரை. நம் ஜனங்கள் "தோ, நம்ம வூடு" என்று காட்டிக் காட்டிச் சிரித்தார்கள். கடைசிப் படத்தின் முன் அம்மா நின்றுவிட்டாள். குழாய், அவிழ்ந்த கூந்தல், அவள் மணிக்கட்டில் ஓர் ஆணின் கை.

பின்னாலேயே அப்பா வந்தார். அம்மா படத்தை மறைத்து நகர்ந்தாள். "தள்ளு" என்றார். படத்தையும் அவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அது யாரு கை?"

அம்மா உன் பக்கம் திரும்பினாள். "வாயத் தொறக்காதன்னு சொன்னேனா இல்லியா?"

"தொறக்கல அத்தை" என்றாய். "கண்ண மூடினாலும் அதான் தெரியுது. நான் இன்னா பண்றது?"

அம்மா அப்பாவைப் பார்த்தாள். "ஓவர்சியர் கை. கொழாவ மூட வந்தான். நான் வுடல."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லிருந்தா போயி அவன அடிச்சிருப்ப. வேலயும் பூடும், வூடும் பூடும். புள்ளைங்கள இட்டுக்கினு எங்க போறது?"

அப்பாவின் கழுத்து நரம்பு புடைத்துக்கொண்டது. அந்த ஓவர்சியர் அப்போதும் நம் லைனில்தான் இருந்தான். நீ உள்ளே ஓடி, அந்தப் படத்தின் கட்டையையும் உளியையும் எடுத்து வந்தாய். "சொல்லுங்க அத்தை, அழிச்சிடறேன். அச்சு போட்டதயும் கிழிச்சிடறேன்."

"எத்தினி போட்ட?"

"பத்து."

"பத்து இருக்கட்டும். நான் வுடலன்னு நாலு பேருக்குத் தெரியட்டும். அதுக்கு மேல ஊரெல்லாம் போவ வேணாம். ஒண்ணு எனக்குக் குடு."

டாக்டர் தடுக்க வருவதற்குள், இனி அச்செடுக்க முடியாதபடி கட்டையின் குறுக்கே உளியை அழுத்தி இழுத்துவிட்டாய்.

எப்போதும் முன்னால் விறுவிறுவென்று போகிற அப்பா, அன்று அம்மாவோடு சேர்ந்து நடந்தார். லைன் வாசலில் ஓவர்சியர் நின்றிருந்தான். அப்பா நின்றார். அம்மா அவர் சட்டையைப் பற்றினாள். நீ என் தோளை இறுக்கினாய். அப்பா அவனையே பார்த்தார். அவன் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போகும்வரை பார்த்தார். பிறகு அம்மாவிடம் மெல்லக் கேட்டார்.

"வலிச்சுதா?"

"அப்ப வலிச்சுது."

யாராவது நெடுநாள் மறைத்ததைச் சொன்னால், ஏன் முன்பே சொல்லவில்லை என்று நான் கேட்பதில்லை. அப்பா அன்று லைன் வாசலில் கேட்டதைத்தான் கேட்கிறேன். கடைசி நாட்களில் ஆஸ்பத்திரியில் எல்லாரிடமும் ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்று சொல்லிக்கொண்டிருந்த உன்னிடமும் அதையே கேட்டேன். நீ முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

"ரொம்ப வலிக்குதுடி" என்றாய்.