சனிக்கிழமைச் செய்தி

மேல்புறம்
20 ஜூன் 2025

கிறிஸ்துவுக்குள் அன்பான ஜெபிஷ் அண்ணனுக்கு,

ஷைஜா எழுதுகிறேன். போனைத் திறந்தால் உங்கள் பிரசங்கம்தான் வந்து நிற்கிறது. சொந்தக்காரர்கள் குரூப்பில் மூன்று பேர் அனுப்பியிருக்கிறார்கள். அதனால்தான் கடிதம்.

சனிக்கிழமை பத்திரிகையை வெட்டி வைத்து ஞாயிறு பிரசங்கத்துக்கு உதாரணம் எடுப்பது உங்கள் வழக்கம். ஊழியத்துக்குப் படிக்கிற காலத்தில் எங்கள் வீட்டில் உட்கார்ந்தும் வெட்டுவீர்கள். போன ஞாயிறு, குடித்துவிட்டுத் திற்பரப்பு ஆற்றில் விழுந்து செத்த வாலிபன் என்று சொன்னீர்களே, அது என் தம்பி ஜெரிஷ். சவாரி வந்தவர்களை இறக்கிவிட்டு, வேன் கழுவ வாளியில் தண்ணீர் கோரப் போனான். பாறை வழுக்கிவிட்டது. அவன் குடிக்கவில்லை.

அம்மாவும் கேட்டுவிட்டாள். "ஏட்டி, நம்ம பயல் குடிச்சிருந்தானா? போதகரே சொல்லுதாரே" என்று தினமும் காலையில் கேட்கிறாள். நான் இல்லை என்றால் நம்புவதில்லை. அதே இடத்தில் நின்று ஒருமுறை சொல்லிவிடுங்கள், அண்ணா.

அன்புடன்,
ஷைஜா

போதகர் இல்லம்
25 ஜூன் 2025

அன்புத் தங்கை ஷைஜாவுக்கு,

செய்தியில் பெயர் இல்லை. இருபத்தாறு வயது என்று மட்டும் இருந்தது. நம் ஜெரிஷ் என்று தெரிந்திருந்தால் வாயைத் திறந்திருப்பேனா? திங்கட்கிழமைதான் தெரிந்தது. வீட்டுக்கு வர முகமில்லை.

வீடியோவை எடுக்கச் சொல்லிவிட்டேன். திரும்பவும் ஆலயத்தில் பேசினால், அன்று கேட்காதவர்களும் கேட்பார்கள். கமிட்டிக்காரர்களும் ஆறவிடுங்கள் என்கிறார்கள். அம்மாவை நேரில் வந்து பார்க்கிறேன். உங்களுக்காக ஜெபிக்கிறேன்.

உன் அண்ணன்,
ஜெபிஷ்

மேல்புறம்
30 ஜூன் 2025

அன்பான அண்ணனுக்கு,

நேரில் வந்தால் அம்மா டீ போட்டுத் தருவாள். உங்களிடம் ஒன்றும் கேட்கமாட்டாள். வயிற்றில் மது இல்லை என்று டாக்டர் எழுதிய தாளை வாசித்துக் காட்டினேன். "டாக்டர்மாருக்கு என்ன தெரியும்?" என்கிறாள்.

சீலோவாமில் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் செத்த சேதியை இயேசுவும் பிரசங்கத்தில் எடுத்தார். செத்தவர்கள் மற்றவர்களைவிடப் பாவிகள் என்றா நினைக்கிறீர்கள் என்றுதான் கேட்டார். இது உங்களுக்குத் தெரியாததா?

எனக்கு அழுகை வரவில்லை. சோறு வடிக்கிறேன், வேலைக்குப் போகிறேன், வருகிறேன். வருகிற ஞாயிறு அம்மாவைக் கூட்டிக்கொண்டு உங்கள் ஆலயத்துக்கு வருவேன். மைக்கில் சொன்னதை மைக்கிலேயே திருத்துங்கள்.

ஷைஜா

மேல்புறம்
7 ஜூலை 2025

ஜெபிஷ் அண்ணனுக்கு,

நேற்று எங்களைப் பார்த்தீர்கள். பெண்கள் பக்கம், மூன்றாவது பெஞ்சு. எழுதி வைத்திருந்த தாளை எடுத்தீர்கள். பிறகு மடித்து வேதாகமத்துக்குள் வைத்துவிட்டீர்கள்.

ஜெபத்தில் ஜெரிஷ் பெயரைச் சொல்லி, பெற்ற தாயைத் தேற்றும் ஆண்டவரே என்றீர்கள். பக்கத்தில் இருந்தவர்கள் அழுதார்கள். அதோடு நிறுத்தியிருக்கலாம். எங்கள் வாலிபரைக் குடியிலிருந்து காத்தருளும் என்றும் சொன்னீர்கள். எப்போதும் சொல்கிற வரிதான், வாயில் வந்திருக்கும்.

வீட்டுக்கு வந்து சேலை மாற்றிய பிறகு அம்மா சொன்னாள்: "பேரையும் சொல்லி, குடியையும் சொன்னாரு பாத்தியா. அப்போ குடிச்சிருக்கான். போவட்டும் மக்கா, இனி உன்னிட்ட கேக்கமாட்டேன்."

இன்று காலை கேட்கவில்லை. நீங்கள் வீட்டுக்கு வர வேண்டாம்.

ஷைஜா