இடது காலில் அரை அடி

என் செல்லத் தம்பி ஜெரோம்,

நீ போன பிறகு உனக்கு எழுதுகிற முதல் கடிதம் இது. நல்ல செய்தி ஒன்றுமில்லை. வேறு யாரிடம் சொல்வதென்று தெரியாமல்தான் உன்னிடம் வருகிறேன். அம்மா இனித் தியேட்டருக்கு வரமாட்டாராம்.

உன்னை அடக்கம் செய்த மாதமே, இங்கே ஜெர்மனியில் நீ இத்தனை வருடம் ஆடிய அந்த அமெரிக்க மியூசிக்கலுக்கு, அந்தப் பாட்டு நாடகத்துக்கு, அம்மா டிக்கெட் எடுக்கச் சொன்னார். நீ இல்லாத மேடையை எப்படிப் பார்ப்பது?

"அங்க போய் என்னம்மா செய்யப் போறியள்?"

"நீ வராட்டி விடு. எனக்கு எஸ்-பான் ரயில் எடுக்கத் தெரியும்."

தனியே விட மனமில்லை, கூடப் போனேன். இடைவேளைக்கு முன்னால் வருமே, துறைமுகத் தொழிலாளிகளின் ஆட்டம், அதில் அம்மா என் கையை இறுகப் பிடித்தார். "அந்தா பார், அவன்ர கால்!" உன் இடத்தில் ஆடியவர் ஒரு பிரேசில்காரர். முகமும் வேறு, உயரமும் வேறு. ஆனால் திரும்பும்போது இடது காலை ஊன்றுமுன் அரை அடி, தாளத்துக்குச் சற்றுப் பிந்தி, தயங்கினார். அது நீயேதான்.

கலைஞர்கள் வெளியே வரும் கதவடியில் நின்று அவரிடமே கேட்டேன். புதிதாக வருகிறவர், முன்பு அந்த இடத்தில் ஆடியவரின் ஒளிப்பதிவைப் பார்த்து அடிக்கு அடி பழக வேண்டுமாம். அவருக்குக் கொடுத்தது உன்னுடைய பதிவு. கணுக்கால் சுளுக்கிய பிறகு உனக்கு ஒட்டிக்கொண்ட தயக்கம் அது. சுளுக்கு மாறியும் அது மாறவில்லை, வீட்டுப் படி ஏறும்போதும் அப்படித்தான் காலை வைப்பாய். பாவம், அவர் அதையும் ஆட்டம் என்று நினைத்துப் பழகியிருக்கிறார்.

அதற்குப் பிறகு மாதம் தவறாமல் போனோம். அம்மாவுக்கு மூளை பிசகிவிட்டதோ என்று நான் பயந்தது உண்மை. என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார். "என்னை விசரி எண்டு நினைக்காதை. அவன் செத்தது எனக்குத் தெரியும். கால் இன்னும் நடக்குது, அதைப் பாக்க வாறன். சவக்காலையில அவன்ர கல்லறையில என்ன கிடக்கு?"

சோற்றுக்கோப்பையை முன்னால் வைத்துக்கொண்டு நீ அம்மாவுக்கு இந்தக் கலையின் கதையைச் சொல்வாயே. கப்பலில் வந்து இறங்கிய ஏழைகளின் பிள்ளைகள் நியூயார்க்கில் உட்கார்ந்து கட்டிய பாட்டுகள் என்பாய். இதே ஜெர்மனியிலிருந்து உயிர் தப்பி ஓடியவர்களும் அதில் உண்டு என்பாய். கறுப்பின மக்களின் தாளத்தை எடுத்துக்கொண்டு, அவர்களைப் பின்கதவால் வரச்சொன்ன கதையைச் சொல்லும்போது உனக்குக் குரல் தடிக்கும். முன்பெல்லாம் கதையை நிறுத்திவிட்டுப் பாடினார்கள், பிறகுதான் பாட்டே கதையை நடத்தத் தொடங்கியது என்று நீ பெருமையாகச் சொன்னபோது, "எங்கட மன்னாரில அதைத்தான் தம்பி கூத்து எண்டுறது" என்று அம்மா உன் வாயை அடைத்தார். எவ்வளவு சிரித்தோம்!

போன மாதம் நியூயார்க்கிலிருந்து ஒரு பெண்மணி வந்திருக்கிறார். எந்த நாட்டில் ஆடினாலும் முதலில் கட்டிய ஆட்டம் மாறக்கூடாது, வருடம் போகப்போக அது தளரும், அதைச் 'சுத்தம் செய்ய' அங்கிருந்து ஆள் வரும் என்று நீ முன்பே சொல்லியிருக்கிறாய். முதல் ஒத்திகையிலேயே அவர் அந்த இடது காலைக் கண்டுபிடித்துத் திருத்திவிட்டார். இது தெரியாமல் நாங்கள் போய் உட்கார்ந்திருந்தோம்.

ஆட்டம் வந்தது. கால் தாளத்தில் சரியாக விழுந்தது. அம்மா அடுத்த திருப்பத்துக்குக் காத்திருந்தார். அதிலும் சரியாக விழுந்தது. என் கையைப் பிடித்திருந்த பிடியை விட்டுவிட்டார். இடைவேளையில், "குளிர்கோட்டை எடு பிள்ளை, போவம்" என்றார். ரயிலில் ஒரே ஒரு வார்த்தைதான். "அவனையும் துடைச்சுப் போட்டினம்."

நான் யாரோடு சண்டைக்குப் போவது? அந்தப் பெண்மணி தன் வேலையைச் செய்தார். பிரேசில்காரரைப் பிறகு போய்க் கண்டேன், கண் கலங்கி மன்னிப்புக் கேட்டார். நீ இருந்திருந்தால், "அக்கா, பிழை பிழைதான்" என்று அவர்கள் பக்கம்தான் நின்றிருப்பாய். அதனால் எனக்குக் கோபம் முழுக்க உன்மேல்தான். ஏன் செத்தாய்?

அந்தப் பழைய ஒளிப்பதிவைத் தரும்படி தியேட்டரில் கேட்டுப் பார்த்தேன். புதியதை எடுத்ததும் அழித்துவிட்டார்களாம். தியேட்டருக்குள் படம் எடுக்க எங்களை விட்டதே இல்லை. எங்கள் கைபேசிகளில் உன் முகம் நிறைய இருக்கிறது. உன் கால் ஒன்றிலும் இல்லை.

போன வாரம் ஒரு நாள் காலை அம்மா குசினிக்கு வந்து உட்கார்ந்தார். "றஞ்சி, அவன் எப்பிடிக் கால் வைச்சவன்? ஒருக்கா நடந்து காட்டு." மேசையைத் தள்ளிவிட்டுத் திரும்பினேன். தயக்கம் திரும்புமுன்னா, திரும்பிய பிறகா? குதி முதலா, விரல் முதலா? வரவில்லையடா. "உப்பிடி இல்லை" என்று அம்மா தானே எழுந்தார். காலைத் தூக்கியவர் அப்படியே நின்றுவிட்டார். "எனக்கும் ஏலாமக் கிடக்கு பிள்ளை" என்றார். அடுப்பில் தேநீர் பொங்கி வழிய, இரண்டு பேரும் நின்றுகொண்டே இருந்தோம்.

அன்றிலிருந்து தினமும் காலையில் அம்மா அங்கே எழுந்து நிற்கிறார். ஒவ்வொரு நாளும் ஒரு புது அடி. ஒன்றும் நீயில்லை. எனக்கு நம்பிக்கை இல்லை, ஜெரோம். அது போய்விட்டது என்றுதான் நினைக்கிறேன்.

ஆனாலும் ஒரு சத்தியம் செய்து தருகிறேன். அம்மாவைத் தேற்றுவதற்காக ஏதோ ஒரு அடியை வைத்து, "இதுதான் அம்மா அவன்" என்று பொய் சொல்லமாட்டேன். அவர் கேட்டால், எனக்கும் மறந்துவிட்டது என்றே சொல்வேன். சொல்லிவிட்டு, அவர் விழாமல் பக்கத்தில் நின்று கையைப் பிடித்துக்கொள்வேன்.

உனக்கு முன் பிறந்து, உனக்குப் பின்னும் இருக்கிற,
உன் அக்கா றஞ்சி