தலை ஆடியில் கடல்

ஆடி மாதம், வெள்ளிக்கிழமை இரவு

பெரிய செய்தி, நாளைக்கே நானும் அக்காவும் அப்பாவோடு கடலூருக்குப் போகிறோம், முதல் முறையாகக் கடலைப் பார்க்கப் போகிறோம்!

ஜனவரியில்தான் போக வேண்டும் என்று இன்று சாயங்காலம் வரை பிடிவாதமாக இருந்தேன். கடற்கரை வீடியோ ஒன்று விடாமல் பார்க்கிறவள் நான். மழை முடிந்து, வெயிலும் குறைந்து, வானம் பளிச்சென்று இருக்கும் மாதம் அது. ஆடியில் மணல் சுடும், காற்றும் ஜாஸ்தி. அதைத்தான் ஃபோனைக் காட்டி அக்காவுக்கு விளக்கிக்கொண்டிருந்தேன்.

அக்கா முறுக்கைக் கடித்துக்கொண்டே கேட்டாள். "ஜனவரில நான் எங்கடி இருப்பேன்?"

"மூங்கில்துறைப்பட்டுல, உங்க மாமியார் வூட்ல."

"அப்ப அங்க கரும்பு வெட்டு. கடலுக்குப் போறேன்னா வுட்டுருவாங்களா? தல ஆடின்னு இப்ப இட்டாந்தீங்க. அடுத்த ஆடிக்கு யாருடி இட்டார்றது?"

கல்யாணமான முதல் ஆடிக்குத்தான் பெண்ணை இப்படி அழைத்து வந்து வைத்துக்கொள்வார்கள். அது எனக்குத் தெரியும். ஆனால் நான் வானிலையை மட்டும்தான் பார்த்தேன்.

"இந்த வெயில்ல கறுத்துப் போனா மாப்புள வூட்ல இன்னா சொல்லுவாங்க?" என்றாள் அம்மா.

"இதுக்கு மேல கறுக்க இன்னாம்மா இருக்குது?" என்றாள் அக்கா. அப்பாவே சிரித்துவிட்டார். உடனே நாளைக்கு என்று முடிவு செய்துவிட்டோம்.

அக்கா என் தலையணையையும் பிடுங்கிக்கொண்டு தூங்குகிறாள். சண்டை போடத் தோன்றவில்லை.