மூலை சீவிய சவர்க்காரம்

இன்று கிளிநொச்சிச் சந்தையில் பனம்பழம் மணந்தது. மரக்கறி வாங்க வந்ததையே மறந்து நின்றுவிட்டேனடி. நீ செத்து முப்பத்தோராம் நாள், நேற்றுத்தான் உன்ரை அந்தியேட்டி முடிந்தது.

யுத்தத்தில் உடையார்கட்டுக்கு இடம்பெயர்ந்து ஒரே வளவுக்குள் நீங்களும் நாங்களும் இரண்டு கொட்டில் போட்டு இருந்தோமே, சாதாரண தரச் சோதனைக்குப் படித்த வருசம். பெட்டி மாதிரியான கனவுருவுக்கு ஆறு முகம், பன்னிரண்டு விளிம்பு, எட்டு உச்சி. அதுவரைக்கும் சண்டையில்லை. "ஒரு உச்சியைச் சீவினால் மிச்சம் எத்தினை?" என்று கேட்டாய்.

"ஏழு. இதென்ன கேள்வி?"

"பத்தடி, விசரி!"

எனக்கு வந்ததே கோபம்! உடுப்புத் தோய்க்கவென்று குசினிக்குள் அம்மா ஒளித்து வைத்திருந்த சவர்க்காரக் கட்டியை எடுத்துவந்து ஒரு மூலையைச் சீவினேன். அந்த இடத்தில் முக்கோணமாய் ஒரு புது முகம், அதற்கு மூன்று மூலை. நீ விரல் வைத்து எண்ணிக் காட்டினாய். பத்துத்தான். தோற்ற ஆத்திரத்தில் மற்ற ஏழு மூலையையும் சீவித் தள்ளினேன். துண்டெல்லாம் மணலுக்குள் போனது.

பொருளாதாரத் தடைக்குள் அந்த ஒரு கட்டிதான் எங்கள் வீட்டுக்கு மாசம் முழுக்க. "ஆரடி இந்த வேலை பார்த்தது?" என்று அம்மா வந்து நின்றா. நான் கையைப் பின்னால் ஒளித்தேன்.

"நான்தான் அன்ரி" என்றாய்.

அம்மா உன்னை ஏசிப் பேசித் தள்ளினா. நான் மரம் மாதிரி நின்றேன். அதை நினைத்தால் இப்பவும் வெட்கமாயிருக்கிறது.

அடுத்த நாளே பனம்பழங்களோடு வந்து, அம்மாவோடு இருந்து, சவர்க்காரத்துக்குப் பதிலாய் அந்தக் களியைப் பிசைந்து எங்கள் உடுப்பெல்லாம் தோய்த்தாய். கொடியில் காய்ந்த என் பள்ளிக்கூடச் சட்டையை அந்த வாசத்துக்கு ஒரு மாடு வந்து சப்பிவிட்டது. நீ விழுந்து விழுந்து சிரித்தாய். "உன்ரை சட்டையிலயும் ஒரு மூலை போச்சு. இப்ப எண்ணடி பாப்பம்!"

இன்றைக்கு ஒரு பனம்பழம் வாங்கிவந்து அம்மாவின் மடியில் வைத்துவிட்டுச் சொன்னேன். "அம்மா, அண்டைக்குச் சவர்க்காரம் வெட்டினது நான்."

"தெரியும் பிள்ளை. உன்ரை கையெல்லாம் சவர்க்காரமாக் கிடந்தது."

"பிறகேன் அவளைப் பேசினீங்கள்?"

"உனக்காகப் பேச்சு வாங்க ஒருத்தி நிக்கிறாள். அதைக் கெடுக்க எனக்கு மனம் வரேல்லை."

என்னை மன்னித்துக்கொள்ளடி. நீ இருக்கும்போதே கேட்டிருக்க வேணும்.

பின்னேரம் புதுச் சவர்க்காரம் ஒன்றைப் பிரித்தேன். உன்னைப்போல விரல் வைத்து மூலைகளை எண்ணினேன். எட்டும் இருந்தது. எட்டாவதிலிருந்து விரலை எடுக்கத்தான் முடியவில்லை.