வெள்ளையில் எழுதிய மல்லி

இன்று காலை உன் பழைய போனை மேசை இழுப்பறையிலிருந்து எடுத்துச் சார்ஜில் போட்டேன். மூலையில் விரிசல் விட்ட அதே போன்தான். எந்த இணையதளம் செய்தாலும் முதலில் இதில்தான் திறந்து பார்ப்பாய். உயிர் வந்ததும் திரை, நீ மாற்றி வைத்தபடி, கறுப்பாகவே விரிந்தது. நீ போன பிறகு அதை நான் தொடவே இல்லை. துடைத்துப் பையில் வைத்துக்கொண்டு பூ விவசாயிகள் சங்கக் கூட்டத்துக்குக் கிளம்பினேன். சண்டை போட வேண்டிய இடத்துக்குத் தனியாகப் போக எனக்கு எப்போதுமே பிடிக்காது, அது உனக்குத் தெரியும்.

பேகம்பூரில் உன் வீட்டு மாடி அறையில் நாம் கடை போட்டபோது முதலில் வந்த வேலை இந்தச் சங்கத்தின் தளம்தான். திண்டுக்கல் பூ மார்க்கெட்டில் விடிந்ததும் என்ன விலை போகிறது என்று தளத்தில் போட வேண்டும். குஜிலியம்பாறைப் பக்கத்துத் தோட்டக்காரர்கள் அதைப் பார்த்துத்தான் பூவைப் பஸ்ஸில் ஏற்றுவதா, ஊருக்கே வரும் வியாபாரியிடம் கொடுப்பதா என்று முடிவு செய்வார்கள். விலை எழுதுபவள் செல்வி. அவளுடைய வீட்டிலும் பூ விவசாயம்தான், சங்கத்தில் சம்பளத்துக்கு இருந்தாள். மார்க்கெட்டில் நின்றபடியே, சாக்கு மூட்டைக்கும் தராசுக்கும் நடுவில், போனில்தான் எழுதுவாள்.

தளத்தில் எழுதிப் போட அவளுக்கு எந்த எடிட்டரைக் கொடுப்பது என்று நாம் பட்ட பாடு கொஞ்சமா? எழுதுவது பக்கத்தில் எப்படி வருமோ அப்படியே எழுதும்போதே காட்டுவதாகச் சொல்லிக்கொள்ளும் எடிட்டர்களை வரிசையாக இறக்கினோம். ஒன்றில் 'சம்பங்கி' என்று அடித்தால் எழுத்துகள் குட்டி போட்டன. இன்னொன்றில் வாட்ஸ்அப்பிலிருந்து ஒட்டினால் வரிகள் திக்குக்கு ஒன்றாகப் போயின. உன்னிடம் ஒரு வழக்கம் உண்டு. யார் எழுதப் போகிறார்களோ அவர்கள் கையில் போனைக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வாய். அவர்கள் தடுமாறினாலும் விரலை நீட்டக் கூடாது. நான் நீட்டினால் மணிக்கட்டில் தட்டுவாய்.

"கைய மடியில வையிடி. நாளைக்கு மார்க்கெட்ல நீயா பக்கத்துல நிக்கப் போற?"

கடைசியில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தோம். செல்விக்கு அது ரொம்பவே பிடித்துப் போனது, அதுதான் வினையாகிவிட்டது. எழுத்துக்கு நிறம் கொடுக்கும் பொத்தான் ஒன்று அதில் இருந்தது. ரோஜாவைச் சிவப்பில் எழுதினாள். கனகாம்பரத்துக்கு அதன் நிறத்தையே தேடிப் பிடித்தாள். சம்பங்கியை மட்டும் ஏனோ பச்சையில் போட்டுவிட்டு, மல்லியை வெள்ளையில் எழுதினாள். கண் கூசாமலிருக்க அவள் போனில் கறுப்புத் திரை. எடிட்டரும் கறுப்பாகவே திறந்தது, வெள்ளை எழுத்து பளிச்சென்று தெரிந்தது. தளத்தின் பக்கமோ வெள்ளை. தோட்டக்காரர்கள் பார்த்தபோது எல்லாப் பூவும் இருந்தது, மல்லி மட்டும் இல்லை. மார்க்கெட்டில் மல்லிக்கு இன்று ஆள் இல்லை போலிருக்கிறது என்று நினைத்து, அத்தனை பேரும் ஊருக்கு வந்த வியாபாரி சொன்ன விலைக்கே பூவைக் கொடுத்துவிட்டார்கள். அன்று மார்க்கெட்டில் மல்லிக்கு நல்ல விலை.

கேட்கப் போனபோது செல்வி அழுதுகொண்டே சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "மல்லி வெள்ளதானக்கா. வேற எந்தக் கலர்ல எழுதச் சொல்றீங்க?"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. எடிட்டரே வேண்டாம், பூ, வரத்து, விலை என்று மூன்று கட்டம் போட்டுக் கொடுப்போம், தப்பு செய்ய வழியே இருக்காது என்றேன். நீ அசையவில்லை. நிறப் பொத்தானை மட்டும் எடுத்துப் போட்டாய். உன் போனையும் கறுப்புத் திரைக்கு மாற்றினாய், அவள் பார்க்கிறபடி நாமும் பார்க்க வேண்டும் என்று. நான் விடாமல் வாதாடியபோது சொன்னாய்: "வெல மட்டுமா சொல்றா அவ? இன்னிக்கு பஸ் இல்லம்பா, மழையில பூ அழுகுது, பறிக்காதீங்கம்பா. அதையெல்லாம் எந்தக் கட்டத்துல போடுவா?"

வாரக் கணக்கில் உன்னோடு சரியாகப் பேசவில்லை. உன் அம்மா டீயை நடுவில் வைத்துவிட்டு நம் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்ப்பார்.

இப்போது தளம் பழசாகிவிட்டது, புதிதாகச் செய்ய வேண்டும். சங்கத்தின் புதுத் தலைவர் நல்ல மனிதர்தான். ஆனால் இன்று கூட்டத்தில் அவர் வைத்த யோசனை, அன்று நான் சொன்ன அதே மூன்று கட்டம். மல்லி காணாமல் போன கதை அவருக்கும் தெரிந்திருந்தது. "இதுல பிசகே வராதும்மா. எழுதுறதுக்கு என்ன இருக்கு?" என்றார். அறையில் பாதிப் பேர் தலையாட்டினார்கள். கட்டம் மட்டும்தான் என்றால் நான் செய்யவில்லை, வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன். சங்கத்தின் வேலை போனால் இப்போது இருக்கும் கடையின் வாடகைக்கே திண்டாட்டம். இருந்தாலும் சொன்னேன்.

பிறகு உன் போனை எடுத்தேன். தளத்தின் பழைய பக்கங்களில் தேடி, நீ இறந்த அன்று செல்வி போட்டதைத் திறந்து அவர் கையில் கொடுத்தேன். அன்று நான் ஆஸ்பத்திரி வாசலில் இருந்தேன். எழுதச் சொல்லி அவளிடம் யாரும் சொல்லவில்லை. தலைவர் அதை வாய்விட்டே படித்தார்.

"இந்த எடத்த நமக்குச் செஞ்சு குடுத்த அக்கா இன்னிக்குக் காலைல தவறிட்டாங்க. நாங்க எல்லாரும் பேகம்பூர் போறோம். இன்னிக்கு வெல போடல. யாரும் கோவிச்சுக்காதீங்க."

இதை எந்தக் கட்டத்தில் போடுவது என்று கேட்டேன். அவர் முதல் வரிக்கே திரும்பப் போய்ப் படித்தார். "எழுதுற எடம் இருக்கட்டும்மா," என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார்.

அன்று நான் ஜெயித்திருந்தால் அந்த வரிகள் எங்கேயும் இருந்திருக்காது. உனக்காக யாரும் எழுதியதில் எனக்கு மிச்சமிருப்பது அவைதான். நான் இதுவரை ஒன்றும் எழுதவில்லை, இந்த மடல்தான் முதல்.

நாளை காலை மார்க்கெட்டில் செல்விக்குப் புது எடிட்டர்களைக் காட்டப் போகிறேன். உன் போனில்தான் எழுதுவாள், கறுப்புத் திரையில். அவள் எது வேண்டும் என்கிறாளோ அதுதான். நிறப் பொத்தானை இப்போதே எடுத்துவிட்டேன். அவள் தடுமாறுவாள், எனக்கு விரல் துடிக்கும். தட்டிவிட நீ இருக்க மாட்டாய். கை என் மடியில்தான் இருக்கும்.